நகல் என்று எழுதினேன்

கண்காட்சிப் பலகைகளுக்குத் தமிழ் எழுதுவது என் வேலை. சீன ஓவியரும் எழுத்துக் கலைஞருமான வு சாங்ஷுவோவின் தூரிகை எழுத்துச் சுருள் ஒன்றுக்கு, 'கல் முரசு எழுத்துகளின் நகல்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை தயங்கவே இல்லை.

பலகை மாட்டிய அன்று தன்னார்வலராக வரும் சீன அங்கிள் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயதிலிருந்தே தூரிகை பிடிப்பவர். கடைசிச் சொல்லைக் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்றார். சொன்னேன்.

"கடையில் மெஷினில் எடுப்பார்களே, அதற்கும் இதே சொல்தானா?"

"ஆமாம் அங்கிள்."

அவர் கோபப்படவில்லை. மூலத்தின் மேல் தாளை வைத்து அப்படியே வரைவது 'மோ', பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதுவது 'லின்', இது லின் என்றார். நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது: "வருகிறவர்கள் மூன்று விநாடிதான் இதைப் பார்ப்பார்கள் அங்கிள்."

"சரி" என்று போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம், ஆங்கிலத்திலும் அதே பொருள் தரும் சொல்தான் இருந்தது. வேறு என்ன போட்டிருக்க முடியும்? 'பார்த்து எழுதியது' என்றால் நமக்குப் பரீட்சை ஹால்தான் ஞாபகம் வரும்.

ஆனால் அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். கல் முரசு என்பது முரசு வடிவிலான பத்துக் கற்கள். பழைய சீனாவின் சின் அரசின் வேட்டையைப் பாடும் வரிகள். தாங் அரச மரபின் காலத்தில் (7-10ஆம் நூற்றாண்டு) கண்டெடுத்தார்கள். இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் ஒரு கல்லின் தலையை வெட்டிக் குடைந்து யாரோ உரலாக்கிவிட்டார்களாம். (ஊரில் கல்வெட்டுக் கல் துணி துவைக்கும் கல்லானதை நாமும் பார்த்திருக்கிறோம்.) வு பெரும்பாலும் பார்த்து எழுதியது அந்தக் கற்களைக்கூட இல்லை. தாங்குக்குப் பின் வந்த சோங் காலத்தில் கல்லின் மேல் தாள் ஒற்றி எடுத்த ஒரு மைப்படியைப் பார்த்து, 1797இல் ருவான் யுவான் என்ற அறிஞர் புதுக் கல்லில் வெட்ட வைத்தார். அந்தப் புதுக் கல்லில் எடுத்த படிதான் வுவின் மேசைக்கு வந்தது. அப்படியென்றால் எதன் நகல் என்று நான் எழுதினேன்?

1844இல் பிறந்து 1927இல் இறந்த வு, பல பத்தாண்டுகள் அதே எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். கல்லில் எழுத்துகள் கட்டமாக, நிதானமாக நிற்கின்றன. வயதான வுவின் கையில் அவை நீண்டு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிச் சாய்கின்றன. மூலத்தைக் கெடுத்துவிட்டார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. அவர் முத்திரை வெட்டுவதிலும், ஏன், பூங்கொடி வரைவதிலும்கூட அந்தக் கோடுதான் ஓடுகிறது. அங்கிள் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும். அல்லது சும்மா ஒரு சொல்லின் அர்த்தம் கேட்டாரோ என்னவோ. நான்தான் இதைப் பெரிதாக்குகிறேனோ?

அப்புறம், ரொம்பத் தாமதமாக, பேருந்தில் போகும்போது 'படி' நினைவுக்கு வந்தது. ஏட்டைப் பார்த்து எழுதினாலும் படி, கல்வெட்டில் மை ஒற்றி எடுத்தாலும் படி, கற்றுக்கொள் என்பதற்கும் படி. ஒரு நிமிடம் துள்ளினேன். பிறகு பலகையில் அதைக் கற்பனை செய்து பார்த்தேன். 'கல் முரசு எழுத்துகளின் படி.' பள்ளிப் பிள்ளைகள் மாடிப்படி எங்கே என்று தேடுவார்கள். என்னுடைய அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்ப்பார். இதெல்லாம் சாக்கு என்றும் தெரிகிறது.

போன மாதம் வேறொரு தூரிகைச் சுருளுக்குத் தமிழ் கேட்டார்கள். அதுவும் ஒரு பழைய கல்வெட்டைப் பார்த்து எழுதியதுதான். ஒரு நாள் முழுக்கக் கோப்பைத் திறந்து வைத்திருந்தேன். சாயங்காலம் 'நகல்' என்றே போட்டு அனுப்பினேன். வரி சரியாக அடங்கியது. அங்கிள் இப்போதெல்லாம் வருவதில்லை, முழங்கால் வலி என்றார்கள்.