பழி கிராபிக்ஸ் கார்டு மேல், குற்றவாளி ரேம் ஸ்லாட்

கேம் ஆடும்போது மூன்று வாரமாக விட்டுவிட்டுத் திக்கிக்கொண்டிருந்த, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடலோரக் கம்ப்யூட்டர் ஒருவழியாகச் சீராக ஓடுகிறது. செலவு ஒரு பென்சில் ரப்பரும் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும்தான். கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்ன புண்ணியவான்கள் கவனிக்க.

மெஷினில் இருப்பது: ரைசன் 5 5600 சிபியு, பி450 மதர்போர்டு, 8+8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் டிரைவரை டிடியு என்ற இலவச நீக்கும் கருவி போட்டு வழித்தெடுத்தது, பின்னணி ரெக்கார்டிங்கை நிறுத்தியது எல்லாம் முதல் வாரமே முடிந்தது. பழைய பயாஸில் (மெஷினைத் தொடக்கிவைக்கும் போர்டு மென்பொருள்) ரைசனுக்கே உரிய எஃப்டிபிஎம் திக்கல் ஒன்று உண்டு; எஃப்டிபிஎம் என்பது அதிலுள்ள பாதுகாப்பு வசதி. 2022 மார்ச்சில் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியே அதை ஒத்துக்கொண்டு, பயாஸுக்கு அடிப்படையான தன் ஏஜீசா நிரலின் 1.2.0.7 பதிப்பில் சரிசெய்தது. இந்த போர்டில் அதற்குப் பிந்தைய பயாஸ்தான் இருக்கிறது, ஆக அதுவும் இல்லை.

நெட் மேலும் சந்தேகம் வந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கேமுக்கு சென்னையிலேயே சர்வர் இருக்கிறது, பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) ஏறி இறங்கவில்லை. ஆஃப்லைனில் பாட்களோடு (கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள்) ஆடியபோதும் அதே திக்கல். அதோடு நெட் விடுதலை.

எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. சராசரி 100ஐத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ரிவாட்யூனர் என்ற கண்காணிப்புக் கருவியில் ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேம் வர எடுக்கும் நேரம்) கிராஃபைத் திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். 60 எஃப்பிஎஸ்ஸுக்கே ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடிதான். இங்கே சில நொடிக்கொரு தரம் 90 வரை ஈட்டி மாதிரி எழுந்தது. அந்த நொடியில் கிராபிக்ஸ் கார்டின் (ஜிபியு) உபயோகம் சரிந்து விழுந்தது. அப்படி விழுந்தால் கார்டு திணறவில்லை, வேலை வராமல் காத்திருக்கிறது என்று அர்த்தம். சிபியு சூடு 72 டிகிரி, அதனால் சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்கும் த்ராட்டிலும் இல்லை. விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கம் போனால், ஒவ்வொரு ஈட்டிக்கும் ஹார்டு ஃபால்ட் (ரேமில் இல்லாததை டிஸ்கில் தேடுவது) எகிறுகிறது. ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கிவைத்த பேஜ் ஃபைலைத் தோண்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் 16 இருக்க வேண்டிய இடத்தில் 8 ஜிபி. நான்கு ஸ்லாட்டில் ஒன்றுதான் உபயோகத்தில். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம்!

கணக்கில் வராத ரேம் ஸ்டிக்கைக் கழற்றி டார்ச் அடித்தால், தங்க நிறக் கால்களின் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்குப் பச்சைப் புள்ளிகள் இரண்டு. தங்கம் அரிக்காது. ஆனால் பூச்சு மிக மெல்லிசு, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்புக்காற்றின் ஈரம் அந்த வழியாக இறங்கி அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தின்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மெஷினை மூடியே வைத்திருந்தால் இன்னும் மோசம். தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலே உள்ளே சூடேறி ஈரம் குறையும். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுவது மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்; ஃபேன் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்போது அது என்ன செய்யும்?

கரன்ட் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். ரப்பர் வெள்ளை நிறப் பென்சில் ரப்பராக இருக்கட்டும். மை அழிக்கும் நீலப் பக்கம் மணல் மாதிரி, பூச்சையே வழித்துவிடும். காலின் நீளவாக்கில் மட்டும், மேலிருந்து கீழாக, நாலைந்து இழுப்பு போதும். குறுக்கே தேய்த்தால் துகள் பக்கத்துக் காலுக்குப் போகும். பிறகு 99 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு. மருந்துக்கடையில் பெரும்பாலும் 70 சதவீதம்தான் கொடுப்பார்கள், மீதி தண்ணீர், வேண்டாம். செல்போன் ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள், இதற்காகச் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சந்தை வரை பஸ் ஏற வேண்டாம்.

ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு ஸ்லாட்டை மறப்பதுதான் பலர் செய்யும் தப்பு. இங்கேயும் முதல் முறை அப்படித்தான் நடந்தது. இரண்டு நாளில் மறுபடி 8 ஜிபி. மிருதுவான டூத் பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டு ஸ்லாட்டின் நீளத்துக்கு இழுத்து, கால் மணி நேரம் உலரவிட்டதும்தான் நின்றது. சாதா டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் தங்கி தூசியை ஒட்டவைக்கும்.

திரும்ப மாட்டும்போது சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். 'டக்' சத்தம் கேட்காமல் கையை எடுக்கக்கூடாது. ஆன் செய்தால் வேகம் 2133க்கு இறங்கியிருந்தது, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை பயாஸ் தூக்கிவிட்டது. மறுபடி போட்டதும் 3200. சிபியு-இசட் என்ற விவரக் கருவியில் 1600 என்று காட்டினால் பதறாதீர்கள், டிடிஆர் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் இரண்டால் பெருக்க வேண்டும்.

இப்போது கிராஃப் கோடு போட்ட மாதிரி ஓடுகிறது. அன்ரியல் எஞ்சின் கேம் ஒன்றில் புது ஏரியாவுக்குள் முதல் தடவை நுழையும்போது மட்டும் சின்னத் திக்கல்; அது ஷேடர் (காட்சியை வரையும் சின்ன நிரல்) கம்பைல் ஆகிற நேரம், இரண்டாம் சுற்றில் காணாமல் போகிறது. அதை விட்டாச்சு. அடுத்து முன்பக்க ஃபேனுக்கு நைலான் ஃபில்டர், காலி ஸ்லாட் இரண்டுக்கும் பிளாஸ்டிக் மூடி. அதற்கு முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 முடிய வேண்டும். இலவசப் பதிப்பின் நாலு பாஸில் (சோதனைச் சுற்று) இரண்டு ஓடியிருக்கிறது, பிழை பூஜ்யம். மீதி இன்று ராத்திரி, கரன்ட் போகாமல் இருந்தால்.