டெலே ஏ2: பெயரடை என்னைக் கவிழ்த்த கதை

போன வாரம் டெலே ஏ2 ரிசல்ட் வந்தது; ஸ்பானிஷ் மொழித் தேர்வின் ஆரம்ப நிலைகளில் ஒன்று. பாஸ். ஆனால் இது இரண்டாவது தடவை. பதிவு செய்வது, பணம் கட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். முதல் தடவை ஏன் ஊற்றிக்கொண்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஸ்பானிஷ் தேர்வில் மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுத்தாக வேண்டும். எனக்கு இரண்டாவதில் 41, முதலாவதில் 27. கூட்டினால் 68, ஆனாலும் ஃபெயில். கட்டிய பணம் போனதுதான் மிச்சம்.

கவிழ்த்தது எழுத்து. ஆங்கிலத்தில் யோசித்து எழுதியதன் விளைவு. அங்கே ஒரு வீடானாலும் ஒயிட், பத்து வீடானாலும் ஒயிட். ஸ்பானிஷில் பெயரடை (வெள்ளை, சிவப்பு மாதிரிச் சொல்) பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும், பாலும் எண்ணும் பார்த்து மாறும்: காஸா பிளாங்கா (வெள்ளை வீடு), காஸாஸ் பிளாங்காஸ் (வெள்ளை வீடுகள்). விதி தெரியாமல் இல்லை. 45 நிமிடத்தில் இரண்டு பதில் எழுதும்போது கை கேட்பதில்லை. களைப்பாக இருக்கிறேன் என்று எழுத வந்தவள், 'கன்சாதா' என்று முடிக்காமல் 'கன்சாதோ' என்று ஆண்பாலில் முடித்திருக்கிறேன்! மாட்ரிட் மெட்ரோவில் திரும்பும்போதுதான் உறைத்தது.

அப்போது நான் போன வகுப்பும் லேசுப்பட்டதில்லை. 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால், அவ்வளவுதான் பாடம். ஆங்கில 'த' மாதிரி பெயருக்கு முன்னால் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' வரும். "அப்படியென்றால் ஏன் லா மானோ (கை), எல் ப்ரொப்ளேமா (பிரச்சினை)?" என்று கேட்டேன். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்கள்." ப்ரொப்ளேமா, சிஸ்தேமா, இதியோமா எல்லாம் கிரேக்க வழி வந்த 'மா' சொற்கள், அதனால் ஆண்பால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். (கட்டிலைக் குறிக்கும் 'காமா' இந்தக் கூட்டத்தில் சேராது, ஜாக்கிரதை.) ஃபோதோ, ஃபோதோகிராஃபியாவின் சுருக்கம், அதனால் பெண்பால். தண்ணீர் இன்னும் மோசம்: அழுத்தி ஒலிக்கும் 'ஆ'வுக்கு முன் 'லா' நிற்காது என்பதால் 'எல் ஆகுவா' என்று ஆண் வேஷம் போடும். கூட வரும் பெயரடை காட்டிக்கொடுத்துவிடும்: எல் ஆகுவா ஃப்ரியா (குளிர்ந்த தண்ணீர்). நான் 'ஃப்ரியோ' என்று எழுதிவிட்டு வந்தேன்.

வழி பிறந்தது ஒரு துணிக்கடையில். ஒரு பாட்டி சட்டையைக் காட்டி 'லா ரோஹா' என்றார். சிவப்புச் சட்டை வேண்டுமாம். ஆங்கிலத்தில் 'ரெட்' தனியாக நிற்காது, பின்னால் 'ஒன்' வேண்டும். இங்கே பெயரடையே பெயராக நின்றுவிட்டது. நம் நல்லவன், நல்லவள், நல்லவர்கள்! 'நல்ல' மாறாது, பெயராக நின்றதும் பாலும் எண்ணும் ஏறிக்கொள்ளும். அன்றிலிருந்து காஸா பிளாங்கா எனக்கு 'வீடு, வெள்ளையானவள்'. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்தது.

இன்னொன்று: சொல்லை மட்டும் படிக்காமல் முன்னால் வரும் எல், லா-வோடு சேர்த்தே படியுங்கள். எழுத்துத் தேர்வின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பெயரடைகளுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். எனக்கு 27 இப்போது 36.

இத்தனைக்குப் பிறகும் வாய்மொழித் தேர்வில் 'உன் அமீகோ வியேஹோ' (ஸ்பானிஷ் 'உன்' என்றால் 'ஒரு') என்று ஒரு நண்பனைப் பற்றி ஆரம்பித்தேன். நெடுநாள் நண்பன் என்றால் 'வியேஹோ' முன்னால் வர வேண்டும், பின்னால் வந்தால் வயதானவர். அவருக்கு என்ன வயது என்று தேர்வாளர் கேட்டார். 29 என்றேன்.