ஹாலுக்கு ஓர் ஆளுயரக் கேக்டஸ்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரை எல்லாரும் கேலி பேசுவார்கள். இந்த ஊர் வெயிலில் ஃபெர்ன் வாங்கிக் கருக விடுவதைவிட, டிவிக்குப் பக்கத்தில் பெரிசாக ஒரு கேக்டஸ் வைத்தால் என்ன என்று தோன்றியது. மேசை மேல் வைக்கிற குட்டி இல்லை, உள்ளே வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிற உயரம்.

அம்மாவிடம் சொன்னதும் "முள்ளுச்செடி ஊட்டுக்குள்ள ஆவாதுடா, சண்ட வரும்" என்றார். செடி இல்லாமலே நம் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லையே என்று வாய் வரைக்கும் வந்தது. இத்தனைக்கும் அம்மா பொத்திப் பொத்தி வளர்க்கிற பிரம்ம கமலம் இருக்கிறதே, ராத்திரி பூத்தால் தெருவையே கூப்பிட்டுக் கற்பூரம் காட்டுவாரே, அதுவே அசல் கேக்டஸ். மெக்சிகோ பக்கத்துக் காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வளர்கிற ஜாதி. இமயமலை பிரம்ம கமலம் வேறு செடி. இதையெல்லாம் விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். "அதுக்கு முள்ளு கீதா?" என்று ஒரே கேள்வி. இல்லைதான். முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் முள்ளுக்கு இந்தக் கதி. கடைசியில், கள்ளி இருந்தால் திருஷ்டி அண்டாது என்று எடுத்துவிட்டேன், "அப்பிடின்னா சரி" என்று அனுமதி கிடைத்தது.

நர்சரிக்காரர் கைகாட்டியதெல்லாம் "கேக்டஸ் சார்"தான். முதலில் காட்டியது மூன்று பட்டையாக, ஓரமெல்லாம் குட்டி இலையோடு ஜம்மென்று நின்றது, ஆனால் அது நம்ம சதுரக்கள்ளிக்குப் பங்காளி. கீறினால் பால் வரும், அது கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான், அக்கா பையன் ஓடி விளையாடுகிற வீட்டுக்கு அது வேண்டாம். முள் கிளம்புகிற இடத்தில் பஞ்சு ஒட்டிய மாதிரி சின்னத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கேக்டஸ், இல்லாவிட்டால் வேறு கள்ளி. வேலியில் நிற்கிற சப்பாத்திக்கள்ளிக்கு அந்தத் திட்டு உண்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கேக்டஸ்தான் அது. ஆனால் பெரிய முள்ளோடு கண்ணுக்கே தெரியாத பூமுள்ளும் கொத்துக் கொத்தாக இருக்கும், அம்மா முந்தானை ஒருமுறை பட்டால் போதும், என் கதை முடிந்தது.

கூடவே வந்த அக்கா பையனுக்கு, கௌபாய் படத்தில் ரெண்டு கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே அதுதான் வேண்டுமாம். அது அரிசோனாவில் வளர்கிற சகுவாரோ, முதல் கை முளைக்கவே 50 வருஷத்துக்கு மேல் ஆகும், உன் பேரனைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். தங்க நிறத்தில் உருண்டையாக ஒன்று இருந்தது, அழகுதான், ஆனால் அது அகலத்தில் வளர்கிற ஆசாமி, எங்கள் ஹாலில் அது உட்கார்ந்தால் நாங்கள் எழுந்துகொள்ள வேண்டும்.

கடைசியில் நெட்டையாக வளர்கிற செரியஸ். விரலால் அடித்தண்டை அழுத்திப் பார்த்தேன் (மெத்தென்று இருந்தால் அழுகல்), பட்டைகளின் இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன், சாக்கு சுற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். வழக்கமாக ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்கிற வண்டியில் அன்றைக்கு எல்லாரும் நாகரிகமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் மொத்த ஆட்டோவும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. டிரைவர் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கிவிட்டார், நியாயம்தான்.

டிவி பக்கம் வெளிச்சம் போதாது, நுனி மெலிந்து ஊசியாகப் போய்விடும் என்பதால் கிழக்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கினோம். மண் அடிவரை காய்ந்த பிறகுதான் தண்ணீர், மழைக்காலத்தில் இன்னும் குறைவு. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு செடி காய்ந்து நிற்பதை யாராலும் பார்க்க முடியாது. வந்தவர்கள் குடித்து மீந்த டம்ளர் தண்ணீர்கூட அதற்குத்தான் போகிறது. தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எழுதித் தொட்டியிலேயே ஒட்டினேன். மறுநாள் அம்மா சொம்போடு நிற்கிறார். கேட்டால், "இது தண்ணி இல்லடா, அரிசி கழுவுனது."

சரி, கொஞ்சம் ஆசை காட்டினால் சொன்ன பேச்சைக் கேட்பார் என்று, இதுவும் உன் பிரம்ம கமலம் மாதிரி ராத்திரியில்தான் பூக்கும், பெரிய வெள்ளைப் பூ, தண்ணீர் ஊற்றி அழுக வைத்துவிடாதே என்றேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டார். எப்போது பூக்கும் என்று கேட்டார். வருஷக்கணக்கில் ஆகும், நல்லா வெயிலும் படணும் என்றேன்.

"அப்போ மொட்ட மாடிலயே வெச்சிருக்கலாமேடா. ஹால்ல இன்னாத்துக்கு?"