புழுக் கணக்கும் தண்ணீர் முறையும்: ஒரு சுகாதார ஆய்வாளரின் நாட்குறிப்பு

அக்டோபர் 6

ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. தெற்குத் தெருவில் வீட்டுக் குறியீடு 10-ஐத் தாண்டிவிட்டது. அதாவது நூறு வீடு பார்த்தால் பத்துக்கு மேற்பட்ட வீடுகளில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு. அங்கே இதுவரை ஒருவருக்குக்கூட டெங்கு உறுதியாகவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் முடியாது. இன்று காய்ச்சலோடு வருகிறவரைக் கொசு கடித்து 4 முதல் 10 நாள் ஆகியிருக்கும். அந்தக் கொசு வேறொருவரிடம் கிருமியை வாங்கியது அதற்கும் 8 முதல் 12 நாள் முன்னால். ஆய்வக முடிவு சொல்வதெல்லாம் இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய நிலவரம். வரப்போவதைப் புழுவிடம்தான் கேட்க வேண்டும்.

அக்டோபர் 7

சிரட்டையில் நாலு புழு கிடந்த வீடும், பேரல் நிறையப் புழு நெளிந்த வீடும் வீட்டுக் குறியீட்டில் ஒன்றுதான். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்று எண்ணும் பிரெட்டோ குறியீட்டிலும் சிரட்டைக்கும் பேரலுக்கும் ஒரே மதிப்பு. வீட்டுக் குறியீடு 1, பிரெட்டோ 5 என்ற பழைய எல்லைகள் மஞ்சள் காய்ச்சலுக்காக வகுத்தவை; அதற்குக் கீழே இருந்தால் டெங்கு வராது என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் டிபிசி அக்காமாரிடம் கூட்டுப்புழுவைத் தனியாக எண்ணச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளில் கொசுவாகப் பறக்கப்போவது அதுதானே. எண்ணிப் பார்த்ததில், பெரும்பகுதி சிமெண்ட் தொட்டியிலும் பேரலிலும்தான்.

அக்டோபர் 9

பேரலைக் கவிழ்க்கச் சொன்னதும் ஒரு ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார். “எய்யா, பத்து நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. இதையும் கொட்டிட்டா நான் எங்க போவேன்?”

என்னிடம் பதில் இல்லை. நம் ஊர் வெக்கையில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். குழாயில் தண்ணீர் வரும் இடைவெளியும் அதுவே. கொசுவுக்கு நாமே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறோம்! ஆச்சியின் பேரலில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றி, வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தோம். தண்ணீர் தீர்ந்ததும் உட்சுவரை நார் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அக்டோபர் 10

வடக்குத் தெருவில் ஒரு சிறுவனுக்கு டெங்குவுக்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ். அந்தத் தெருவிலோ புழு மிகக் குறைவு. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. பகலெல்லாம் பையன் இருப்பது தெற்குத் தெரு முனையில் இருக்கும் பள்ளியில். போய்ப் பார்த்தோம்: கழிப்பறைத் தொட்டிக்கு மூடியில்லை, உள்ளே புழு. அவன் வகுப்பிலேயே இன்னும் சிலர் காய்ச்சல் என்று லீவு. காய்ச்சல்காரர்களின் விவரப் பட்டியலான லைன் லிஸ்ட்டில் முகவரி மட்டும் எழுதினால் போதாது. பகலில் எங்கே இருக்கிறார் என்றும் எழுத வேண்டும். இன்றிலிருந்து எழுதுகிறோம்.

அக்டோபர் 12

கூட்டத்தில் எல்லோரும் கேட்டது புகை மருந்து. ஊர் முழுக்க அடித்தால் மக்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்கிறார்கள். பறக்கிற கொசுதான் அதில் சாகும். தொட்டியில் இருப்பது அடுத்த வாரம் பறக்கும். பையன் வீட்டைச் சுற்றியும் பள்ளியிலும் மட்டும் புகை, மற்ற ஆட்கள் எல்லாம் தெற்குத் தெருத் தொட்டிகளுக்கு என்று பிடிவாதமாக நின்றேன். 2017-இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு, அறுபதுக்கும் மேற்பட்ட சாவு. அந்த ஆண்டின் காய்ச்சல் வார்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியும்.

அக்டோபர் 14

புழுக் கணக்கையும் தண்ணீர் திறக்கும் அட்டவணையையும் ஒரே தாளில் எழுதிப் பேரூராட்சியில் கொடுத்தேன். இடைவெளி நீண்ட தெருக்களில்தான் கூட்டுப்புழு அதிகம். தாளைப் பார்த்ததுமே அவர்களுக்குப் பிடிபட்டது. தெற்குத் தெருவுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை திறக்க ஒத்துக்கொண்டார்கள், மழைக்காலம் முடியும் வரை. மற்ற தெருக்களுக்கு மோட்டார் பழுது பார்த்த பிறகாம். அதுவரை அங்கெல்லாம் வாரம் தவறாமல் அபேட் ஊற்ற ஆள் பிரித்தாயிற்று. பள்ளித் தொட்டிக்கு மூடி வந்துவிட்டது.

புதிதாக இரண்டு காய்ச்சல், இரண்டும் தெற்குத் தெரு. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம்.