இடுப்பு மூட்டு நழுவிய குதிரை: வைவாவில் கற்றதும் லாயத்தில் கற்றதும்

கால்நடை மருத்துவப் படிப்பில் அறுவைசிகிச்சை வைவா (வாய்மொழித் தேர்வு). குதிரை நொண்டல் பாடம் முழுவதையும் நெட்டுரு போட்டுவிட்டுப் போயிருந்தேன். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்ட முதல் கேள்வி: "மாடு பக்கவாட்டில் உதைக்கிறது. குதிரை ஏன் பெரும்பாலும் பின்னால் உதைக்கிறது?" அனாடமி எப்போதோ முடிந்த பாடமென்று நான் தொட்டிருக்கவே இல்லை. பதில் வரவில்லை.

இடுப்பு மூட்டைப் படிக்கிறவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். தொடை எலும்பின் தலையை இடுப்பெலும்புக் குழிக்குள் பிடித்துவைக்க மாட்டுக்கு உருண்டை லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) ஒன்றுதான். குதிரைக்கு அதோடு துணை லிகமென்ட்டும் உண்டு. அடிவயிற்றுத் தசைநாணிலிருந்து புறப்பட்டு நேராகத் தொடைத் தலையில் வந்து சேரும் அது, காலைப் பக்கவாட்டில் விரியவிடாது. இது புரிந்தால் பாதிப் பாடம் தானாக வந்துவிடும். இரண்டு லிகமென்ட்டும் அறுந்தால்தான் மூட்டு முழுதாக நழுவும். அதனால் குதிரையில் இது அபூர்வம். அறுக்கும் அளவுக்கு விசை விழும்போது குழியின் விளிம்பும் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே "நழுவல்" என்று எழுதியதோடு நிறுத்தாமல் எலும்பு முறிவைத் தேடியதையும் எழுதுங்கள்.

பயிற்சிக் காலத்தில் ஒரு மட்டக்குதிரைக் குட்டி வந்தது. ஒரு வயதுப் பெண், எடை நூறு கிலோவுக்குள். சாக்கடைப் பள்ளத்தில் பின்னங்கால் சிக்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. "டாக்டரம்மா, இவளுக்குக் கால் குட்டையாயிடுச்சு" என்றார் குதிரைக்காரர். அவர் சொன்னது அப்படியே சரி. குட்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்னால் போய் நின்று பார்த்தேன். வலது ஹாக் (பின்னங்காலின் கணுக்கால் மூட்டு) முனை இடதைவிட நாலு விரல் உயரத்தில் இருந்தது. குளம்பின் நுனியும் ஸ்டைஃபிலும் (பின்னங்காலின் முழங்கால் மூட்டு) வெளிப்பக்கம் திரும்பியிருக்க, ஹாக் உள்ளே சாய்ந்திருந்தது. பெரும்பாலும் தொடைத் தலை முன்னும் மேலுமாக ஏறிக்கொள்வதால் வரும் தோற்றம் இது. "அண்ணே, மெதுவா காலை ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டு தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பான ட்ரோகாண்டர்மேல் உள்ளங்கையை வைத்தேன். மணலை அரைப்பதுபோல் ஒரு நறநறப்பு. அந்த உணர்வைப் புத்தகம் தராது.

இளங்குட்டியில் இன்னொரு கண்ணி உண்டு. வளர்ச்சித்தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) மூடாத வயதில் தொடைத் தலையே அங்கு முறிந்து, நழுவல்போலவே காட்டும். தொடைக் கழுத்து முறிவு, இடுப்பெலும்பு முறிவு ஆகியவற்றையும் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். மட்டக்குதிரை என்றால் பட்டெல்லா (முழங்கால் சில்லு) மேலேறிப் பூட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் நகராதீர்கள். இடுப்பு நழுவலும் அதுவும் சேர்ந்து வருவதுண்டு.

பரிசோதனை வரிசையில் நான் முதலில் எழுதுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். குறைந்த அதிர்வெண் வளைந்த ப்ரோப் போதும், குதிரை நின்றபடியே பார்க்கலாம். மல்லாத்திப் போட்டு எடுக்கும் எக்ஸ்ரேதான் தெளிவு, ஆனால் அதற்குப் பொது மயக்கம் வேண்டும். மயக்கம் தெளிந்து தடுமாறி எழும்போது விரிசல் விட்ட எலும்பு முழுதாக உடையலாம். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிற மாணவரை எக்ஸாமினர் கவனிப்பார்.

சிகிச்சையில் காலம்தான் எல்லாம். முதல் நாளே வந்தால், பொது மயக்கத்தில் அடிபட்ட கால் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, கவட்டையில் பெல்ட் போட்டு உடலை அசையாமல் கட்டி, காலை இழுத்துச் சுழற்றி உட்காரவைக்க முயலலாம். நாள் போகப்போகத் தசை சுருங்கிவிடும், குழிக்குள் இரத்தக்கட்டியும் நார்த்திசுவும் நிரம்பிவிடும். உட்கார்ந்த மூட்டும் மறுபடி நழுவுவது சகஜம். மூட்டைத் திறந்து டாகிள் (அறுந்த லிகமென்ட்டுக்குப் பதிலாகத் தலையைக் குழியோடு பிணைக்கும் செயற்கைக் கட்டு) பொருத்துவது ஒரு வழி. எடை குறைந்த பிராணிகளில் தொடைத் தலையையே வெட்டி எடுப்பது இன்னொரு வழி.

எங்கள் குட்டிக்கு ஸ்கேனில் குழி விளிம்பு உடைந்திருந்தது தெரிந்தது. இழுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. மூத்த மருத்துவர் தொடைத் தலையை வெட்டி எடுத்தார். சவாரிக்கு இனி ஆகாது என்பதை அறுவைக்கு முன்பே அவர் குதிரைக்காரரிடம் சொன்னார். பெரிய குதிரையாக இருந்தால் கருணைக்கொலை பற்றியும் அந்த இடத்திலேயே பேச வேண்டியிருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, லேசாக நொண்டியபடி தானாக மேய்ந்துகொண்டிருந்தாள்.