கூத்துப் பள்ளிக்குக் காகிதம் சேர்த்த கதை

செய்யாறு, வந்தவாசி பக்கம் பங்குனியில் சூடு பிடிக்கும் கூத்து ஆடி வரை ஓயாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அதே பங்குனியில்தான் வருகிறது. கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று கேட்டால் வறுமை, ஆர்வமில்லை என்றெல்லாம் சொல்வார்கள். கணக்கு ஆசிரியராக நான் பார்த்த வரை பெரிய காரணம் இந்தத் தேதி மோதல்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, ஜமா என்கிற கூத்துக் குழு நடத்தும் வாத்தியார் ஒருவரோடு சேர்ந்து பிள்ளைகளுக்குக் கூத்துப் பள்ளி தொடங்கினேன். அடவு, கிறுகை என்ற சுழலாட்டம், வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடும் திரை விருத்தம், முகவீணை என்ற ஊதுகருவி, மிருதங்கம் எல்லாம் அவர் பொறுப்பு. பதிவு, உரிமம் என்று காகித வேலை என் பொறுப்பு. இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான் என்பதால் அதையே எழுதுகிறேன்.

முதலில் பதிவு. அறக்கட்டளையா, சங்கமா என்று ஆடிட்டர் கேட்டார். அறக்கட்டளை சுலபம், பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இருந்தாலும் சங்கம்தான் என்றேன். பெற்றோர்களை உறுப்பினர்களாக உள்ளே உட்கார வைக்க வேறு வழி தெரியவில்லை. நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித் துறையின் 80ஜி அனுமதி, அதற்கு முன் 12ஏ பதிவு வாங்க வேண்டியிருந்தது. இதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள், நீங்களே போராட வேண்டாம்.

அடுத்தது கல்வி. கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அங்கீகாரத்துக்குக் கேட்கும் கட்டடமும் ஆசிரியர்களும் எங்கள் சக்திக்கு மீறியவை. அதனால் ஊர் வாயில் கூத்துப் பள்ளி என்றாலும் காகிதத்தில் நாங்கள் பயிற்சி மையம்தான். எட்டாவது வரை பிள்ளைகள் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். விடியற்காலையிலும் மாலையிலும் எங்களிடம் பயிற்சி.

சிக்கல் ஒன்பதாவதில் ஆரம்பிக்கும். "கூத்து ஆடறது சரி சார், நாளைக்கு என் பையன் படிப்பு என்னா ஆவும்?" என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். அப்போதுதான் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் விதிகளைப் படித்தேன். 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டு செல்லும். ஓவியம், கர்நாடக இசை கூடப் பாடமாக எடுக்கலாம். இவற்றை எல்லாம் விட முக்கியம், பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல்-மே, அப்புறம் அக்டோபர்-நவம்பர். ஐப்பசியில் கூத்தே கிடையாது! எங்கள் பிள்ளைகளுக்கென்றே யாரோ அட்டவணை போட்ட மாதிரி இருந்தது. விரும்பியவர்களை மட்டும் இதில் சேர்த்தோம். சரியாகப் படிக்கிற பிள்ளையை உயர்நிலைப் பள்ளியிலிருந்து இழுத்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை, இப்போதும் இல்லை.

பிள்ளைகள் தங்குவதற்கான விடுதிதான் உயிரை வாங்கியது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதற்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, சுகாதாரச் சான்று, வட்டாட்சியரிடமிருந்து கட்டட உரிமம். ஒன்றைக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். கடைசிச் சான்று கைக்கு வருவதற்குள் முதல் சான்று காலாவதியாகும். ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பே காணாமல் போனது. எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்ததால் பிழைத்தோம். ஆனால் இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்தவர் வீட்டுப் பெண்பிள்ளைகளை இரவில் தங்க வைக்கிறோம், கேட்கத்தான் வேண்டும்.

மேடை ஏற்றுவதிலும் சட்டம் இருக்கிறது. வணிக நிகழ்ச்சிகளில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல், இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். கோயில் கூத்து இதில் அடங்குமா என்ற விவாதத்துக்கே நாங்கள் போகவில்லை, அதையே எங்கள் விதியாக்கிக்கொண்டோம். வாத்தியார் முதலில் முறைத்தார். "நாங்கல்லாம் விடிய விடிய ஆடித்தானே சார் கத்துக்கிட்டோம்?" உண்மைதான். ஆனால் மறுநாள் பள்ளி மணி அடிக்கும்போது அவர் வகுப்பில் இல்லை என்பதும் உண்மை. கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னிரவு வேஷம், நள்ளிரவுக்கு மேல் தூக்கம் என்று முடிவானது.

இதற்கெல்லாம் முன்பே, 2002-இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கியிருந்தது. மர அணிகள் பூட்டிய வீர வேஷமான கட்டை வேஷத்தைப் பெண்பிள்ளைகளும் கட்டலாம் என்பதை இந்த வட்டாரத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள். "எங்க குலத்துல பொண்ணுங்க ஆடறதில்ல" என்று யாராவது ஆரம்பித்தால் நான் வாதாடுவதில்லை. காஞ்சிபுரம் பக்கம் பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்பேன்.

இப்போது பயிற்சியை நடத்துவது எங்களிடமே படித்த ஒரு பெண். துரியோதனன் வேஷம் கட்டினால், எல்லாரையும் கிண்டல் செய்யும் கோமாளியான கட்டியங்காரனே ஒதுங்கி நிற்கிறான். வங்கிக் கையெழுத்தையும் அவருக்கு மாற்றியாகிவிட்டது. விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும் கோப்பு மட்டும் இன்னும் என் மேஜையில் இருக்கிறது, தீயணைப்புச் சான்றுக்காக.