ஒரு பழுதுக்கு எத்தனை வரிசைகள்?

ஒரு பணிமனையின் இயந்திரப் பழுதுகளைப் பதிவு செய்வதற்காக நான் முதலில் அமைத்த தரவுத்தளத்தில் ஒரே ஒரு அட்டவணைதான் இருந்தது. இயந்திரத்தின் பெயர், பழுதான நாள், விவரம், சரிசெய்தவர், சரிசெய்த நாள், மாற்றிய உதிரிபாகம், செலவு, நிலை என்று எட்டு நெடுவரிசைகள். அதுவரை எக்செல் கோப்பில் இருந்ததை அப்படியே பெயர்த்து வைத்திருந்தேன் என்பதே உண்மை. ஓராண்டு கழித்து, "எந்த பம்பு அதிகம் தொல்லை தருகிறது?" என்று மேலாளர் கேட்டபோது, அந்த எளிய கேள்விக்குக்கூட அதிலிருந்து நம்பத்தகுந்த விடை எடுக்க முடியவில்லை.

குறை எங்கே என்று தேடியபோது, நான் "பழுது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செய்திகளை அடைத்து வைத்திருந்தது புலப்பட்டது. பம்பிலிருந்து சத்தம் வருகிறது என்று அதை இயக்குபவர் சொல்வது புகார். பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர் கண்டறிவது பழுது. பேரிங்கை மாற்றியது பணி. இவை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் எப்போதும் பொருந்துவதில்லை. ஒரே பழுதைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாகப் புகார் செய்யலாம்; புகார் வந்த இயந்திரத்தைச் சோதித்தால் எந்தக் குறையும் தென்படாமல் போகலாம்; ஒரு பழுதைத் தீர்க்க உதிரிபாகத்துக்காகக் காத்திருந்து இரண்டு முறை வரவேண்டியிருக்கலாம்; ஒரே வருகையில் தொடர்பில்லாத இரண்டு பழுதுகளைச் சரிசெய்துவிடவும் செய்யலாம். ஆகவே மூன்றுக்கும் தனித்தனி அட்டவணைகளும், பழுதையும் பணியையும் இணைக்க இடையில் ஓர் இணைப்பு அட்டவணையும் தேவைப்படுகின்றன. எண்ணெய், இயற்கை எரிவாயுத் துறைகளுக்கான ஐஎஸ்ஓ 14224 தரநிலை இன்னும் நுணுக்கமாகச் சென்று, பழுது வெளிப்பட்ட விதம், அதை உண்டாக்கிய தேய்மானம் அல்லது அரிப்பு போன்ற செயல்முறை, அதற்கும் பின்னால் இருக்கும் மூலக் காரணம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கச் சொல்கிறது. சிறிய பணிமனைக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. ஆனால் அறிகுறியும் காரணமும் ஒரே நெடுவரிசையில் கலக்கக் கூடாது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என் முதல் வடிவமைப்பின் மிகப் பெரிய பிழை இதைவிட ஆழத்தில் இருந்தது. "பம்பு 3" என்று நான் எழுதி வைத்திருந்தது எதைக் குறிக்கிறது? தொடர் எண் பொறித்த அந்த இரும்பையா, அல்லது அது பொருத்தப்பட்டிருக்கும் இடத்தையா? பழுதான பம்பைக் கழற்றிவிட்டு, கிடங்கிலிருந்து வேறொன்றைப் பொருத்துவார்கள். கழற்றியது சரியான பிறகு இன்னோர் இடத்தில் போய் உட்காரும். இப்போது இப்படி எண்ணிப் பாருங்கள்: ஒரே இடத்தில் அடுத்தடுத்து நான்கு பம்புகள் பொருத்தப்படுகின்றன, நான்கிலும் பேரிங் போகிறது. தொடர் எண்ணை மட்டும் பதிந்திருந்தால் நான்கு பம்புகளும் ஆளுக்கு ஒருமுறை பழுதானதாகத் தெரியும்; யாரும் கவலைப்பட மாட்டார்கள். இடத்தை மட்டும் பதிந்திருந்தால், இடம் மாறிய ஒரு பம்பு போன இடமெல்லாம் சீல் (திரவம் வெளியேறாமல் அடைக்கும் பாகம்) கசிந்தது தெரியாமல் போகும். இரண்டையும் பதிந்தால்தான், முதல் நிலையில் அடித்தளத்தையோ தண்டின் நேர்கோட்டையோ சோதிக்க வேண்டும் என்பதும், இரண்டாம் நிலையில் அந்த பம்பையே ஒதுக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

எனவே கருவிக்கு ஓர் அட்டவணை, இடத்துக்கு ஓர் அட்டவணை, எந்தக் கருவி எந்த இடத்தில் எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தது என்பதற்கு மூன்றாவது அட்டவணை. ஒரே கருவி ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருப்பதாகப் பதிவாகிவிடாமல் தடுப்பது தரவுத்தளத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். பதிபவரின் கவனத்தை நம்பக் கூடாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2012-இல் வந்த 9.2 பதிப்பு முதல் கால இடைவெளியையே ஒரு தரவு வகையாக வைத்து, இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி விலக்குக் கட்டுப்பாடு போட முடிகிறது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் அயல் சாவிச் சோதனை (ஒரு வரிசை சுட்டும் கருவி அதற்குரிய அட்டவணையில் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வோர் இணைப்பிலும் அதை இயக்க வேண்டும். இது தெரியாமல், எந்தக் கருவிக்கும் சொந்தமில்லாத பழுதுகளை நான் பல வாரங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நேரத்தையும் அவ்வாறே பிரிக்க வேண்டும். பழுது நேர்ந்த நேரம், கவனிக்கப்பட்ட நேரம், பணி தொடங்கிய நேரம், இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கிய நேரம் ஆகிய நான்கும் வேறு. "சரிசெய்ய இரண்டு நாளாயிற்று" என்பதில் ஒன்றரை நாள் சீல் வரும்வரை காத்திருந்ததாக இருந்தால், குறை பணியாளரிடம் இல்லை, கிடங்கில் இருக்கிறது. நிலையை ஒரே நெடுவரிசையில் வைத்து மேலெழுதிக்கொண்டே போனால் இந்த வேறுபாடு அழிந்துவிடும். ஒவ்வொரு நிலை மாற்றத்தையும் நேரத்தோடு புதிய வரிசையாகச் சேர்ப்பதே என் வழக்கம்.

இதனுடன் ஓட்ட நேரமும் வேண்டும். வாரத்துக்கு 2 மணி நேரம் மட்டும் ஓடும் ஒரு ஜெனரேட்டர் ஆண்டுக்கு 104 மணி நேரம்தான் ஓடுகிறது. அது இரண்டு முறை பழுதானால், நாட்காட்டிக் கணக்கில் 4,380 மணி நேரத்துக்கு ஒரு பழுது; ஓட்டக் கணக்கில் 52 மணி நேரத்துக்கு ஒன்று. முதல் எண்ணைப் பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். மீட்டர் அளவைப் பழுதோடு சேர்த்துப் பதியாவிட்டால் இரண்டாவது எண் கிடைக்கவே கிடைக்காது.

பழுது வகைகளுக்குக் குறியீட்டுப் பட்டியல் வைப்பதில் நான் முதலில் அளவு மீறிவிட்டேன். அறுபதுக்கு மேற்பட்ட குறியீடுகளைக் கொடுத்தபோது, கையில் கிரீஸோடு நிற்பவர் அவற்றைப் படித்துக்கொண்டிருக்காமல் கடைசியில் இருந்த "மற்றவை"யைத் தேர்ந்தெடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கருவியின் வகைக்கேற்பப் பத்துப் பன்னிரண்டு குறியீடுகள் மட்டும் திரையில் தெரியும்படி மாற்றிய பிறகே "மற்றவை" குறைந்தது. வழக்கொழிந்த குறியீட்டை அழிக்காமல், இனிப் பயன்படாது என்று குறித்து வைத்தால் பழைய பதிவுகள் பொருளிழக்காது. குறியீட்டோடு கட்டற்ற விவரத்துக்கும் ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில், எஃப் பேனலின் 70-ஆம் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கிடந்த அந்துப்பூச்சியை எடுத்து, பதிவேட்டிலேயே ஒட்டி, பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தார்கள். எந்தப் பட்டியல் அதற்கு ஒரு குறியீட்டைத் தயாராக வைத்திருக்கும்?

உதிரிபாகத்தின் விலையைப் பணி வரிசையிலேயே அன்றைய விலையாகப் பதிந்துவிட வேண்டும். விலைப் பட்டியலிலிருந்து பிறகு கணக்கிட்டால் பழைய செலவுகள் ஆண்டுதோறும் தாமாக மாறும்.

பழைய எக்செல் வரிசைகளைப் புதிய அமைப்புக்குக் கொண்டுவந்தபோது, விடுபட்ட காரணங்களை ஊகித்து நிரப்பும் ஆசை வந்தது. நிரப்பவில்லை. ஒவ்வொன்றையும் பழைய பதிவு என்று குறித்து, "பம்பு 3" என்பதை இடமாக மட்டும் கொண்டு, தொடர் எண்ணையும் காரணத்தையும் வெற்றாக விட்டு ஏற்றினேன். சராசரிகளைக் கணக்கிடும் வினவல்கள் அந்த வரிசைகளைத் தொடுவதில்லை.